கடைசிப் பதினாறு பக்கம் நீங்கலாக

பூவராகன் யாரையும் நம்பமாட்டார். தராசை நம்பமாட்டார், கடிகாரத்தை நம்பமாட்டார், நடுவில் நின்று பேசிவைக்கிறேன் என்று வருகிறவனை அறவே நம்பமாட்டார். ஆனால் இதெல்லாம் ஒரு பக்கம். எழுதின காகிதத்தை அவர் நம்பாத நம்பாமை இருக்கிறதே, அது தனி.

அதற்குக் காரணம் உண்டு. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் பீர்க்கன்கரணை ஏரி ஓரம் அவருக்கு நாற்பது சென்ட் இருந்தது. சட்டை மடிப்புக் கலையாத ஒருத்தன் வந்தான். "ரோடு வருது நைனா, எல்லாரும் கையெழுத்துப் போட்டுட்டாங்க, நீ ஒருத்தன்தான் பாக்கி" என்றான். போட்டார். ரோடு வரவில்லை, வேலி வந்தது. நாற்பது சென்ட் போயே போச்சு.

அன்றைக்கு ஒரு சட்டம் போட்டுக்கொண்டார். எந்தக் காகிதமானாலும் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை சத்தமாகப் படிக்க வேண்டும். இரண்டு சாட்சிகள் உட்கார்ந்து கேட்க வேண்டும். அப்புறம்தான் பேனா. கேஸ் சிலிண்டர் சீட்டுக்கும் அதே சட்டம்தான். ஒரு தடவை பல் பிடுங்கப் போன இடத்தில் சம்மதக் கடிதம் நீட்டினார்கள். டாக்டரையே படிக்கச் சொல்லி, வெளியே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த இரண்டு பல்வலிக்காரர்களைச் சாட்சிக்கு உள்ளே கூப்பிட்டார்.

இப்படிப்பட்ட மனுஷனைப் பேத்தியின் பள்ளிக்கூட விண்ணப்பத்தில் கார்டியன் என்று யாராவது போடுவார்களா? யாரும் போடவில்லை. அவராகவே போட்டுக்கொண்டார். மகன் திருமுடிவாக்கத்தில் லேத் பட்டறையில் ஷிப்ட் வேலை. மருமகள் மஹாலட்சுமி நீட்டின இடத்தில் கையெழுத்துப் போடுகிற ரகம். "வூட்டுக்கு ஒரே கையெழுத்துதான். அது என்னுது" என்று சொல்லி, புதுப் பள்ளிக்கூடத்தில் மாதிரிக் கையெழுத்து அட்டையில் பூவராகன் என்று ஐந்து எழுத்தையும் ஒவ்வொன்றாக நிறுத்தி வைத்துவிட்டு வந்தார். இனி வேறு யார் கையெழுத்தும் அங்கே செல்லாது.

பேத்தி நிஷா ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாவது முடித்து, பெருங்களத்தூர் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புக்கு இடம் வாங்கியிருந்தாள். இடம் என்றால் அரை இடம். புதிதாகச் சேரும் பிள்ளைகள் கோடை விடுமுறையில் ஐந்து புத்தகம் படித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் கதைச் சுருக்கம் எழுதி, கார்டியன் கையெழுத்தோடு ஜூன் ஒண்ணாம் தேதி பன்னிரண்டு மணிக்குள் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அந்த இடம் காத்திருப்போர் பட்டியலுக்குப் போய்விடும். நிஷா தினமும் சாயங்காலம் அந்தப் பள்ளிக்கூடத்து டையைக் கழுத்தில் மாட்டிக் கண்ணாடி பார்த்துவிட்டு, மறுபடி மடித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

மே மாதம் பத்தாம் தேதி அவள் ஐந்து தாளையும் கொண்டுவந்து நீட்டினாள்.

"தாத்தா, இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு, மொத்தம் அஞ்சு சைன்."

"இன்னாடி இது?"

"சம்மர் ரீடிங் புராஜெக்ட்."

"இன்னா எழுதிக்கீது, படி."

நிஷா ஒரே மூச்சில் படித்தாள். "மேற்கண்ட நூலை என் பொறுப்பிலுள்ள மாணவி முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம்வரை முழுமையாக வாசித்தார் என உறுதி கூறுகிறேன்."

பூவராகன் முதுகை நிமிர்த்தினார். உறுதி கூறுகிறேன்! இது ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசனை அடிக்கிற வார்த்தை ஆயிற்றே.

"நீ படிச்சதை நான் பாத்தேனா?"

"அம்மா பாத்துச்சு."

"உங்கம்மா கையெழுத்தா கேக்கறாங்க? முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம்வரைன்னு சொல்றான். நான் கேட்டாதான் உறுதி சொல்ல முடியும். எடுறி புஸ்தகத்தை. கேசவனைக் கூப்பிடு."

நிஷாவின் முகம் விழுந்தது. உண்மை என்னவென்றால் அவள் ஒவ்வொரு புத்தகத்திலும் முதல் நாலு பக்கம் மட்டும்தான் படித்திருந்தாள். மிச்சத்துக்கு அட்டைப் படத்தைப் பார்த்தே சுருக்கம் எழுதியாகிவிட்டது.

"மாமா, எல்லா வூட்லயும் சும்மா போட்டுக் குடுப்பாங்க மாமா" என்றாள் மஹாலட்சுமி.

"எல்லாரும் போட்டாங்கன்னுதான் ஏரிக்கரை போச்சு" என்றார் பூவராகன். அதற்கு மேல் அந்த வீட்டில் யாரும் வாதாடுவதில்லை.

முதல் சாட்சி கேசவன். வீட்டு முகப்பில் பஞ்சர் கடை வைத்திருந்தான். டியூபைத் தண்ணீரில் முக்கிக்கொண்டே காதைக் கொடுக்கலாம் என்பது அவன் வசதி. இரண்டாவது சாட்சி தையல்நாயகி. கானாத்தூர் குப்பத்திலிருந்து இரண்டு பஸ் மாறி மீன் கொண்டுவருகிறவள். பதினோரு மணிக்குக் கூடை காலியாகிவிடும். அப்புறம் வெயில் தாழ்கிறவரை கேசவன் கடைத் தகரக் கூரையடியில்தான் உட்கார்ந்திருப்பாள். "சாட்சின்னா கோர்ட்டுக்கு வரணுமா?" என்று மட்டும் கேட்டாள். "தேவைப்பட்டா வரணும்" என்றார் பூவராகன். "அப்ப சரி, நான் இன்னும் கோர்ட்டைப் பாத்ததில்ல" என்று கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள்.

முதல் புத்தகம் எறும்பைப் பற்றியது. ஒரு புற்றுக்குள் லட்சம் எறும்பு, ஒரு ராணி.

"புத்து யார் இடத்துல கீது?" என்று நடுவில் நிறுத்தினார் பூவராகன்.

"அது போடல தாத்தா."

"நாலு எல்லை சொல்லாம புத்து எப்படி எழுதினான்? வடக்கே இன்னா, தெற்கே இன்னா?"

"மேல படிக்கவா வேணாமா?"

"படி, படி. குறிச்சு வை கேசவா, எல்லை சொல்லல."

இரண்டாவது ராஜா கதை. ராஜா பாதி ராஜ்யத்தைப் பரிசாகக் கொடுத்தான் என்று வந்ததும் பூவராகன் ஒரு மணி நேரம் விடவில்லை. எந்தப் பாதி? ஏரி இருக்கிற பாதியா, மேட்டுப் பாதியா? வாய்ப்பேச்சாகவா கொடுத்தான்? தையல்நாயகிக்குக் கோபம் வந்துவிட்டது. "யோவ் பெருசு, அந்தப் பொண்ணு அங்க காட்டுல தனியா நின்னுகினு கீது, புலி வருது, நீ பட்டா கேட்டுகினு கீற! நீ படி கண்ணு!"

மூன்றாவது கோள்களைப் பற்றியது. சனிக்கு வளையம் இருக்கிறது என்றதும் கேசவன் பஞ்சர் ஒட்டுவதை நிறுத்திவிட்டு, "ரிம்மு மாதிரியா, டயர் மாதிரியா?" என்று கேட்டான். நிஷாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. படத்தைக் காட்டினாள். "ரிம்முதான்" என்று முடிவுசெய்தார்கள். சைக்கிளை வாங்கிப் போக வந்தவனும் போகாமல் குந்தினான். நான்காவது கணக்குப் புதிர்ப் புத்தகம். அதற்கு ஒன்பது நாள் ஆயிற்று. விடை தெரியாமல் அடுத்த பக்கம் புரட்ட சாட்சிகள் விடவில்லை.

நிஷா முதலில் அழுதாள். அப்புறம் சண்டை போட்டாள். அப்புறம் என்ன ஆயிற்றோ, காலையில் பல் விளக்கினதும் புத்தகத்தை எடுத்துக்கொண்டு தானே கடைக்கு ஓடிப்போய், "தையல் ஆயா இன்னும் வரலியா?" என்று ரோட்டைப் பார்க்க ஆரம்பித்தாள். பழைய சுருக்கங்களைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினாள்.

ஐந்தாவதுதான் வம்பு. அது இங்கிலீஷ். மே இருபத்தெட்டாம் தேதி தொடங்கினார்கள். கெட்டி அட்டை, நூற்று எழுபத்தாறு பக்கம். பள்ளிக்கூடமே அந்த வருஷம் சேர்ந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே கட்டாக வரவழைத்து விற்றது. இங்கிலீஷ் பத்திரமானால் ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லிக் கேட்பது பூவராகன் வழக்கம். நிஷா அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு வரி படிப்பாள், ஒரு வரி சொல்வாள்.

ஆல்பர்ட் என்று ஒரு பையன். கடலுக்கு நடுவில் பாறைமேல் ஒரு விளக்குக் கோபுரம். அப்பன் அதைக் காத்துக்கொண்டிருந்தான், புயலில் போய்விட்டான். இப்போது கோபுரமும் பக்கத்து வீடும் பையன் பேரில். அதைத் தட்டிப் பறிக்க ஊரிலிருந்து தாய்மாமன் வருகிறான், பையில் ஒரு காகிதத்தோடு.

காகிதம் என்ற வார்த்தை வந்ததும் பூவராகன் எழுந்து நின்றுவிட்டார். "வந்துட்டான்யா! சட்டை எப்படிக் கீது? மடிப்பு மடிப்பா கீதா?"

நிஷா புத்தகத்தைப் பார்த்தாள். "ஆமா தாத்தா. அயர்ன் பண்ண கோட்டுன்னு போட்டிருக்கு."

"எனக்குத் தெரியும்! அவனேதான்!"

அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. மஹாலட்சுமி தட்டை வைத்தால், "அந்தப் பையனுக்கு ஒரு சாட்சிகூட இல்ல லட்சுமி" என்பார். தையல்நாயகிக்கு வேறு கவலை. பையன் நடுப்பகலில் தூண்டில் போட்டுக் கூடை நிறைய மீன் பிடித்தானாம். "வெயில்ல மீன் அடிக்குப் போயிடும். எழுதினவன் கடலைப் பாத்ததே இல்ல" என்றாள். "ஆனா பையன் நல்ல பையன். பாவம்."

ஜூன் ஒண்ணு விடிந்தபோது இன்னும் ஐம்பத்திரண்டு பக்கம் பாக்கி. நிஷா ஆறு மணிக்கே ஆரம்பித்தாள். தையல்நாயகி அன்றைக்கு மீனே எடுக்காமல் வெறுங்கூடையோடு முதல் பஸ்ஸில் வந்துவிட்டாள். பத்தரை ஆயிற்று. முப்பது பக்கம் பாக்கி.

"தாத்தா, ப்ளீஸ் தாத்தா. போட்டுடு. மிச்சத்தை வந்து படிக்கறேன். என் சீட்டுப் போயிடும்."

குழந்தை கண்ணில் தண்ணீர். பூவராகன் தாளை வாங்கி முழங்கால்மேல் வைத்தார். பேனாவை எடுத்தார். எடுத்த கை அப்படியே நின்றது. அவரால் முடியவில்லை, அவ்வளவுதான்.

"போய்கினே படிப்போம்" என்றார்.

ஷேர் ஆட்டோவில் ஏறினார்கள். பூவராகன், மடியில் நிஷா, பக்கத்தில் கூடையோடு தையல்நாயகி, டிரைவர் பக்கத்தில் பாதி வெளியே தொங்கிக்கொண்டு கேசவன். நிஷா கத்திக் கத்திப் படித்தாள். ஜி.எஸ்.டி. ரோடு லாரிகள் ஹாரன் அடித்த இடங்களில் கேசவன், "திரும்பப் படி, கேக்கல" என்றான். மாமன் பையனை அறைக்குள் வைத்துப் பூட்டினான். ஏறியிருந்த மற்ற மூன்று பேரும் இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை.

பெருங்களத்தூர் கேட் மூடியிருந்தது. என்றைக்கு அது திறந்திருந்தது? இந்தப் பக்கம் முழுக்க வண்டிகள், பெட்ரோல் புகை, திட்டுகள். ஆனால் ஆட்டோவுக்குள்ளிருந்து ஒரு சின்னப் பெண்ணின் குரல் வந்தது. "மாமன் சொன்னான்: கையெழுத்துப் போட்டால்தான் சாப்பாடு!" பக்கத்தில் நின்ற பைக்காரன் இஞ்சினை அணைத்தான். அவனுக்குப் பின்னால் நின்றவனும் அணைத்தான். ஒரு எலெக்ட்ரிக் ட்ரெயின் போயிற்று, ஒரு கூட்ஸ் போயிற்று, மறுபடி ஒரு எலெக்ட்ரிக். கேட் தூக்கியது. யாரும் நகரவில்லை. "போட்றாதடா தம்பி!" என்று பைக்காரன் கத்தினான். பின்னால் லாரிக்காரன் வண்டியை விட்டு இறங்கி வந்து ஏன் நகரவில்லை என்று கேட்ட பிறகுதான் எல்லோருக்கும் சுயநினைவு வந்தது.

பள்ளிக்கூடத்துக்குள் நுழையும்போது பதினொன்று நாற்பது. வராந்தாவில் நாற்பது பெற்றோர் வரிசை. மேசைக்குப் பின்னால் யூனிஸ் மிஸ். ஆறாம் வகுப்பு அவர் பொறுப்பு. தாளை வாங்கினார், கையெழுத்தைப் பார்த்தார், அடுக்கினார். வரிசை எண்ணெய் போட்ட மாதிரி நகர்ந்தது. கொடுத்தவர்கள் அடையாள அட்டைக்காக ஓரமாக நின்றார்கள். நிஷா வரிசையில் நின்றபடியே படித்தாள். அவர்கள் முறை வந்தபோது நூற்று அறுபதாம் பக்கம்.

"அஞ்சாவதுல கார்டியன் சைன் இல்லையே ஐயா. இங்க போடுங்க."

"பதினாறு பக்கம் பாக்கி கீதும்மா."

"பரவாயில்லை, போடுங்க. எல்லாரும் போட்டுட்டாங்க."

அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது. பூவராகன் மேசைக்கு முன்னால் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். "படிடி" என்றார்.

"...ஆல்பர்ட் பேனாவை எடுத்தான். மையில் தோய்த்தான். மாமன் சிரித்தான். ஆல்பர்ட் காகிதத்தின்மேல் குனிந்தான்."

ஓரமாக நின்றவர்கள் மேசையைச் சுற்றி நெருங்கினார்கள். நிஷா பக்கத்தைத் திருப்பினாள்.

"காலையில் ஆல்பர்ட் தூண்டிலை எடுத்துக்கொண்டு படகில் ஏறினான். மீன்கள் துள்ளின."

"இன்னா கண்ணு!" தையல்நாயகி குதித்தாள். "ரூம்புல பூட்டி வச்சிருந்தானே, படகு எங்கேர்ந்து வந்துச்சு?"

"இது காலைலயே படிச்ச இடமாச்சே" என்றான் கேசவன். "இந்த மீனை அவன் அப்பவே பிடிச்சிட்டான்."

நிஷா பக்க எண்ணைப் பார்த்தாள். நூற்று அறுபதுக்கு அடுத்தது நூற்று நாற்பத்தைந்து. அங்கிருந்து மறுபடி நூற்று அறுபதுவரை. அதோடு அட்டை. புத்தகம் கட்டினவன் கடைசிப் பதினாறு பக்கத்தை வைப்பதற்குப் பதில் அதற்கு முந்தின பதினாறை இரண்டு தடவை வைத்துத் தைத்திருந்தான்.

"மிஸ், இந்தப் புக்குல முடிவே இல்லை."

"உன் காப்பில மட்டும் இருக்காதும்மா. பக்கத்துல வாங்கிப் பாரு."

பக்கத்திலிருந்த அம்மா பையிலிருந்து புத்தகத்தை எடுத்தாள். புத்தம் புதுசு, விரித்தால் பசை வாசனை வந்தது. நூற்று அறுபதுக்கு அப்புறம் படகு. அடுத்தவர் எடுத்தார். படகு. வரிசையெல்லாம் பைகளைத் திறந்தது. படகு, படகு, படகு! நாற்பது ஆல்பர்ட்டும் பேனாவைக் கீழே போட்டுவிட்டு மீன் பிடிக்கப் போயிருந்தான்கள்.

யூனிஸ் மிஸ் மெதுவாக, தன் கைக்கு அடியில் இருந்த அடுக்கைப் பார்த்தார். முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம்வரை முழுமையாக வாசித்தார் என நாற்பது கையெழுத்து. மேலாக இருந்த சுருக்கத்தை எடுத்துப் படித்தார். "இறுதியில் ஆல்பர்ட் கலெக்டர் ஆகி மாமாவை மன்னித்தான்." அடுத்ததில் ஆல்பர்ட் கப்பலேறி லண்டன் போனான். அதற்கடுத்ததில் மாமாவைச் சுறா விழுங்கியது. ஒன்றில் ஆல்பர்ட்டுக்குக் கல்யாணமே ஆகிவிட்டது.

"அவனுக்குப் பத்து வயசு!" என்று தையல்நாயகி அலறினாள். முதலில் யார் சிரித்தார்கள் என்று தெரியவில்லை. வராந்தா முழுக்கச் சிரித்தது. கலெக்டர் ஆக்கின பையனின் அப்பா மட்டும் சுவரில் இருந்த உலகப் படத்தை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மிஸ், நிஜமா முடிவு என்ன மிஸ்?" என்றாள் நிஷா.

யூனிஸ் மிஸ்ஸின் காது சிவந்தது. "நான்... லிஸ்ட்டுதாம்மா போட்டேன்" என்றார்.

மணி பதினொன்று ஐம்பத்தைந்து. நிஷா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு தாத்தாவைப் பார்த்தாள். கடைசிப் பக்கமே இல்லாத புத்தகத்துக்குக் கடைசிப் பக்கம்வரை என்று எப்படி உறுதி சொல்வது? பூவராகன் கண்ணை மூடினார். எத்தனை பத்திரம் கேட்டிருக்கிறார் அவர்! கிணறு நீங்கலாக, புளியமரம் நீங்கலாக, வடக்கு மூலையில் வண்டிப்பாதை நீங்கலாக.

"கேசவா, எழுது" என்றார். "ஒண்ணுலேர்ந்து நூத்தி அறுபதுவரைக்கும், இவ படிச்சு, தமிழ்ல சொல்லி, நான் கேட்டேன். கடைசிப் பதினாறு பக்கம் நீங்கலாக. அது புஸ்தகத்துல இல்ல. கீழ ரெண்டு சாட்சி. இப்ப திருப்பிப் படி."

கேசவன் படித்தான். சரியாக இருந்தது. பூவராகன் ஐந்து எழுத்தையும் ஒவ்வொன்றாக இறக்கினார். கேசவன் போட்டான். தையல்நாயகி கட்டைவிரலை மைப் பெட்டியில் அமுக்கிவிட்டு, "கோர்ட்டு இதைவிட நல்லா இருக்குமா?" என்று கேட்டாள்.

யூனிஸ் மிஸ் அந்தத் தாளை இரண்டு தடவை பார்த்தார். பிறகு பதிவேட்டை எடுத்து நிஷாவின் பெயருக்கு நேராக 'உறுதி' என்று எழுதி, எல்லோரும் பார்க்கக் கோடு போட்டார். மற்ற நாற்பது தாளையும் வரிசையிடமே திருப்பினார். "உங்களுக்கு ஒரு வாரம் டைம். இருக்கிற பக்கத்தையாவது இந்தத் தடவை படிக்கச் சொல்லுங்க" என்றார். நிஷா பையிலிருந்து டையை எடுத்துப் பாவாடை சட்டைமேலேயே மாட்டிக்கொண்டாள்.

எழுந்து போகலாம்தானே? பூவராகன் எழவில்லை.

"முடிவு எப்பக் குடுப்பே?"

"சார்?"

"நூத்தி எழுபத்தாறு பக்கம்னு சொல்லிதானே புஸ்தகம் குடுத்தே? பதினாறு குறையுது. எப்பத் தருவேன்னு எழுதிக் குடும்மா."

யூனிஸ் மிஸ் சுற்றிப் பார்த்தார். நாற்பது முகமும் அதையேதான் கேட்டது. வெள்ளைத்தாளில் எழுதினார். பேனாவைக் கையெழுத்து இடத்துக்குக் கொண்டுபோனவர், பூவராகன் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். தொண்டையைச் சரிசெய்துகொண்டு, எழுதினதை முதல் எழுத்திலிருந்து சத்தமாகப் படித்தார். பதினைந்து நாளுக்குள் நல்ல பிரதி தருவதாக. அப்புறம்தான் போட்டார்.

"இவங்க பொழைச்சுப்பாங்க" என்றார் பூவராகன் நிஷாவிடம்.

திரும்பும்போது கேட் மூடியிருந்தது. ஆல்பர்ட் கையெழுத்துப் போட்டிருப்பான் என்றான் கேசவன், பசி அப்படி. போடமாட்டான், மையைத் தூக்கி மாமன் மூஞ்சியில் ஊத்தியிருப்பான் என்றாள் தையல்நாயகி. நிஷா டையை ஆட்டிக்கொண்டே, பேர் தப்பாகப் போட்டு ஏமாற்றியிருப்பான் என்றாள். மூன்று பேரும் கத்தின கத்தலில் கூட்ஸ் வண்டி போனதே கேட்கவில்லை.

நாலு வண்டி தள்ளி நின்ற ஒருத்தன் கையை ஆட்டினான். காலையில் இஞ்சினை அணைத்த பைக்காரன். வேலையை முடித்துவிட்டுத் திரும்புகிறான் போலிருக்கிறது.

"பெருசு! இன்னா ஆச்சு? பையன் கையெழுத்துப் போட்டானா?"

பூவராகன் ஆட்டோக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எக்கினார். "தெரியாதுப்பா!" என்று கத்தினார். "யாருக்கும் தெரியாது! மிஸ்ஸுக்கே தெரியாது!"

சொல்லிவிட்டு, பிடுங்கின பல் இருந்த இடம் தெரிகிற அளவுக்குச் சிரித்தார்.